உங்களுக்குத் தெரியுமா? மீன் சாப்பிட்டாலும் இன்சுலின் சுரக்கும்!

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால்தான் இன்சுலின் சுரக்கும் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? புரதம் சாப்பிட்டாலும் சுரக்கும்! புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களே கணையத்தைத் தட்டி எழுப்பிவிடும்!

1997. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம். 38 உணவுகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சுமார் 240 கலோரி அளவு. சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் இன்சுலினை அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண். பாஸ்தாவுக்கு 40. மாவுச்சத்தே இல்லாத மாட்டிறைச்சிக்கு 51! மீனுக்கோ 59!

இன்சுலினைச் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் ஒரு கணையத்தில் சுமார் 10 லட்சம்! 1869-ல் பெர்லினில் இவற்றைக் கண்டு எழுதிய பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது மருத்துவ மாணவர். வயது 21!

அமினோ அமிலங்களில் சூரப்புலி எது தெரியுமா? ஆர்ஜினின்! இதற்கு நேர்மின்சுமை உண்டு. அந்தத் திட்டுகளில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் நுழையும்போது அந்த மின்சுமையோடுதான் நுழையும். செல்லின் மின்னழுத்தம் மாறும். கால்சியம் வாசல்கள் திறக்கும். இன்சுலின் வெளியே கொட்டும்! நரம்பில் 5 கிராம் ஏற்றினால் போதும், 2 முதல் 5 நிமிடத்துக்குள் இன்சுலின் எகிறும்! கணையத்தில் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று பார்க்க இதையே ஒரு பரிசோதனையாக வைத்திருக்கிறார்கள்!

அப்படியானால் வெறும் ஆம்லெட் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரவேண்டுமே? வராது! அதே ஆர்ஜினின் பக்கத்தில் இருக்கும் ஆல்ஃபா செல்லையும் உசுப்பிவிடும். அது குளுக்ககானைச் சுரந்து சர்க்கரையை ஏற்றிவிடும். ஒரே நேரத்தில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும்!

சில குழந்தைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு தப்பிவிடும். புரதம் சாப்பிட்டாலே சர்க்கரை சரியும்! 1956-ல் லண்டன் மருத்துவர்கள் குற்றவாளியைப் பிடித்தார்கள். லியூசின் என்ற அமினோ அமிலம்! ஏன் என்று தெரிய இன்னும் 42 ஆண்டுகள் ஆயின. குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை லியூசின் முடுக்கிவிடும். அதனால் இன்சுலின் சுரக்கும். மரபணு மாற்றத்தால் அந்த நொதி அடங்காமல் வேலை செய்யும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்!

குளூட்டமைன் என்ற அமினோ அமிலம் தனியாகப் போனால் பீட்டா செல் அசையாது. லியூசினோடு போனால் இன்சுலின் பொழியும்!

தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் கணையம் குளுக்கோஸைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அமினோ அமிலங்களுக்குத்தான் முதல் மரியாதை!

இனி என் மனசுக்குப் பிடித்த கண்டுபிடிப்பு. உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது! வெந்தயத்தில் 4-ஹைட்ராக்ஸி ஐசோலியூசின் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு. நம் உடம்பில் அது கிடையவே கிடையாது! 1998-ல் பிரான்சின் மான்பெலியே ஆய்வாளர்கள் எலி, மனிதர் இரண்டின் கணையத் திட்டுகளிலும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். குளுக்கோஸ் கூடுதலாக இருந்தபோது இன்சுலின் எகிறியது. சாதாரண அளவில் இருந்தபோது? துளி அசைவில்லை! இத்தனை விவரமான அமிலம் ஒரு சின்ன விதைக்குள்! (ஆய்வகத்தில் கண்டது இது. அதற்காகச் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!)

இன்சுலினே அமினோ அமிலங்களால் ஆனதுதான்! ஒன்றில் 21, இன்னொன்றில் 30 என்று இரண்டு சங்கிலிகள். மொத்தம் 51! அந்த வரிசையைக் கண்டறிந்த ஃபிரெடெரிக் சேங்கருக்கு 1958-ல் நோபல் பரிசு. 1980-ல் வேறொரு கண்டுபிடிப்புக்காக இன்னொன்றும்!

அஜினோமோட்டோ தெரியும்தானே? குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தின் சுவையை விற்று வளர்ந்த ஜப்பானிய நிறுவனம். சர்க்கரை நோய்க்கும் ஒரு மருந்தை உருவாக்கியிருக்கிறது! பெயர் நேட்டிகிளினைடு. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றியமைத்துச் செய்தது. சாப்பாட்டுக்குச் சற்று முன் போட்டால் பீட்டா செல்லின் பொட்டாசியம் வாசலை மூடி இன்சுலினை வரவழைக்கும். அதன் வேலை மொத்தம் சுமார் 4 மணி நேரம்தான்!