அணுகுண்டு வெடிக்கும் உயரம்

அணுகுண்டு என்றதும் அது எவ்வளவு பெரியது என்றுதான் நாம் கேட்கிறோம். எந்த உயரத்தில் வெடித்தது என்றும் கேட்க வேண்டும். அழிவின் தன்மை அதனாலும் மாறுகிறது.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஜப்பானின் ஹிரோஷிமா நகருக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. விளக்கைத் தரையில் வைத்தால் பெட்டியும் நாற்காலியும் வெளிச்சத்தை மறைக்கும். உத்தரத்தில் தொங்கவிட்டால் வீடெங்கும் பரவும். அதுபோலவே குண்டின் வெப்பம் நகரெங்கும் பாய்ந்தது. வெடிப்பில் எழுந்த காற்றலை தரையில் மோதித் திரும்பி, முதல் அலையோடு சேர்ந்து மேலும் வலுப்பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 140,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

ஆனால், அந்த நெருப்புக்கோளம் தரையைத் தொடவில்லை. பின்னர்க் கருமழை பெய்து பலரைப் பாதித்தது உண்மையே. எனினும், மண்ணில் நெடுநாள் தங்கிய கதிரியக்க நஞ்சு குறைவு. ஆகவேதான் மக்கள் அங்கு மீண்டும் குடியேற முடிந்தது.

தரைமட்டத்தில் வெடித்தால் என்ன ஆகும்? 1954 மார்ச் 1ஆம் நாள் பசிபிக் கடலிலுள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அது ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் 1,000 மடங்கு ஆற்றலுடையது. நெருப்புக்கோளம் தரையைத் தொட்டதால் பவளப்பாறை பொடியாகி, நஞ்சேறி, மேகத்தோடு எழுந்து காற்றில் சென்றது. சுமார் 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ரோங்கலாப் தீவில் வெண்சாம்பலாக விழுந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர்மீதும் அது படிந்தது. அவர்களுள் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். ரோங்கலாப் மக்கள் 1957இல் ஊர் திரும்பினர்; நஞ்சுக்கு அஞ்சி 1985இல் மீண்டும் வெளியேறினர்.

மிக மிக உயரத்தில் வெடித்தாலும் தீங்குண்டு. 1962 ஜூலை 9ஆம் நாள் பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு குண்டை வெடித்தது. அங்கே காற்று இல்லை என்றே சொல்லலாம். ஆகவே தரையை அழிக்கும் காற்றலை எழவில்லை. ஆயினும் அதிலிருந்து கிளம்பிய மின்காந்தத் துடிப்பினால், 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் சில அணைந்தன.

காற்றிலும் விண்ணிலும் நீருக்கடியிலும் இச்சோதனைகளைச் செய்வதில்லை என்று அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் பிரிட்டனும் 1963இல் உடன்படிக்கை செய்துகொண்டன. சாம்பலுக்கு எல்லை தெரியாது என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம்.

உயரே வெடித்தால் கீழேயுள்ள நகரம் அழிகிறது. தரையில் வெடித்தால் தொலைவில் வலை வீசும் மீனவனும் தப்புவதில்லை. நமக்கும் சண்டைக்கும் தொடர்பில்லை என்று யாரும் வாளாவிருக்க முடியாது. இதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.