கிதார் பயிலும் சிறுவர்க்கு ஏற்ற முதற் பாடல்கள்

குழந்தைக்கு ஒரு வாத்தியம் வாங்கித் தரும் பெற்றோர், அதன் விலையையும் மரத்தின் தரத்தையும் நன்கு ஆராய்கின்றனர். அதில் முதன்முதல் எப்பாடலைக் கற்பிப்பது என்பதை ஆராய்வோர் மிகச் சிலரே. விருந்தினர் முன் வாசித்துக் காட்டத்தக்க திரைப்படப் பாடல் ஒன்றை விரைவில் சொல்லித் தருமாறு ஆசிரியரை வேண்டுகின்றனர். ஆசிரியரும் இசைகின்றார். இரண்டு மாதங்களில் கிதார் அலமாரியின் மேல் ஏறிவிடுகின்றது. பிள்ளைக்கு இசை வராது என்று வீட்டார் முடிவு கட்டுகின்றனர். பிள்ளையும் அதனை நம்பிவிடுகின்றது என்பதே பெரிதும் வருந்தத்தக்கது. இத்தகைய நேர்வுகள் பலவற்றில் குறை பாடலைத் தேர்ந்த முறையிலேயே உள்ளது. ஆதலின், எளிய பாடல் எது என்பதை அறியும் வழியை இங்குக் காண்போம்.

நம் நாட்டில் கிதார் இருவகையாக வாசிக்கப்படுகின்றது. மடிமீது கிடத்தி, தந்திகளின் மேல் உருக்குத் துண்டை நகர்த்தி வாசிப்பது ஹவாய் முறை. வங்காளத்தில் இரவீந்திரநாத தாகூரின் பாடல்களை இம்முறையில் வாசிப்பது செல்வாக்குப் பெற்றிருந்தது. மார்போடு அணைத்து, இடக்கை விரல்களால் தந்திகளை அழுத்தி, வலக்கையால் மீட்டுவது மற்றொரு முறை. கோவாவிலும் ஷில்லாங்கிலும் வேரூன்றி, இன்று நாடெங்கும் சிறுவர் பயில்வது இதுவே. நாம் கருதுவதும் இதனையே.

இக்கிதாருக்குத் தந்திகள் ஆறு. வீணையைப் போன்றே இதற்கும் மெட்டுகள் உண்டு. பாட்டிற்குத் துணையாக வாசிக்கும்பொழுது, பல தந்திகளைச் சேர்த்து மீட்டிச் சில ஸ்வரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்கின்றோம். இந்த ஸ்வரக் கூட்டினைக் ‘கார்ட்’ என்பர். ஒரு கார்டைப் பிடிக்கப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்கின்றனர். ஒன்றை விட்டு மற்றொன்றிற்குத் தாளம் தவறாது மாறுவதே அவர்களுக்குப் பெருந்தொல்லை. ஒரு பாடல் எளிதா அன்றா என்பதை அளக்கும் முதற் கோல் இதுவே: அதில் எத்தனை கார்டுகள் உள்ளன, அவை எவ்வளவு விரைவில் மாறுகின்றன?

தொடக்கத்திற்கு இரண்டு கார்டுகள் போதும். மிக மெல்லிய தந்தியை முதல் தந்தி எனக் கொள்வோம். இரண்டாம் தந்தியை முதல் மெட்டில் ஒரு விரலால் அழுத்தி, முதல் மூன்று தந்திகளை மட்டும் மீட்டினால் ‘சி’ கார்ட் பிறக்கும். அதே விரலை அதே மெட்டில் முதல் தந்திக்கு நகர்த்தி மீட்டினால் ‘ஜி 7’ கிடைக்கும். விரல் நகர வேண்டிய தொலைவு ஒரு தந்தியே. ‘லண்டன் பிரிட்ஜ்’ என்னும் ஆங்கிலக் குழந்தைப் பாடலை இவ்விரண்டு கார்டுகளைக் கொண்டே முழுவதும் வாசிக்கலாம். ‘ஃப்ரேர் ஜாக்’ என்னும் பிரெஞ்சுப் பாடலுக்கோ ‘சி’ ஒன்றே போதும். கை மாறும் கவலையின்றித் தாளத்தை மட்டும் பழக அது மிகவும் உதவும்.

இரண்டாவது கோல் குரலின் எல்லை. பிள்ளை வாசிக்கும்பொழுதே பாடவும் வேண்டும். எட்டாத ஸ்வரத்திற்குத் தொண்டை திணறினால் கையும் தடுமாறும். ஆறு ஸ்வரங்களுக்குள் அடங்கும் பாடல் நன்று. நம் நாட்டுப் பண்ணை எல்லாப் பிள்ளைகளும் அறிவர். எனினும் அது கீழ் நிஷாதம் முதல் மேல் ஸட்ஜம் வரை செல்வது. மேலும், மரியாதையுடன் நின்று இசைக்க வேண்டிய அதனை, நிறுத்தி நிறுத்திப் பழகும் பயிற்சிப் பாடலாக்குதல் பொருந்தாது.

மூன்றாவது கோல் பாடலின் இயல்பு. கமகம் நிறைந்த இராகப் பாடல்களைக் கார்ட் முறையில் அமைத்தால், பாட்டின் உயிராகிய அசைவுகள் கார்டுகளோடு பொருந்தாமல் உரசும். எனினும் நம் மரபிலேயே இதற்கு ஏற்ற ஒரு செல்வம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேனாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியங்கள் இயற்றினார். நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் இவை, மேனாட்டாரின் மேஜர் ஸ்வர வரிசையை ஒத்த சங்கராபரணத்தில் அமைந்தவை. ‘டுவிங்கிள் டுவிங்கிள்’ பாடலின் மெட்டிலேயே அவருடைய ‘சியாமளே மீனாட்சி’ அமைந்துள்ளது. ஒரு மெட்டைக் கற்ற பிள்ளை இரு மரபுகளின் பாடல்களைப் பாடலாம்.

இம்மெட்டு ஆறு ஸ்வரங்களுக்குள் அடங்குவது. ஆயினும் ஆசிரியர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இதனைச் ‘சி’ சுருதியில் வாசிக்க ‘எஃப்’ என்னும் கார்ட் வேண்டும். ஒரே விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்க வைத்து அழுத்திப் பிடிக்கும் அந்தக் கார்டில் பெரியவர்களே சோர்ந்து போவதுண்டு. இதே பாடலை ‘ஜி’ சுருதிக்கு மாற்றினால் ‘ஜி’, ‘சி’, ‘டி 7’ ஆகிய மூன்றும் போதும். முதல் தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தி மூன்று தந்திகளை மீட்டினால் ‘ஜி’ ஆகிவிடும்; ‘டி 7’ ஒன்றிற்கே மூன்று விரல்கள் வேண்டும். பாடல் ஒன்றே; சுருதி மாறியதும் கடினம் எளிதாகின்றது. குரலுக்குச் சுருதி ஒவ்வாவிடில், தந்திகளின் குறுக்கே பூட்டும் ‘கேப்போ’ என்னும் கவ்வியால், விரல் பிடிப்பை மாற்றாமலே சுருதியை உயர்த்திக்கொள்ளலாம்.

நான்காவது கோல், பாடல் பிள்ளைக்கு முன்பே தெரிந்ததாக இருத்தல். காதில் பதிந்த பாடலில் தவறு நேர்ந்தால், ஆசிரியர் சொல்லாமலே பிள்ளை அதனை உணரும். கிரிஜா குமார் மாத்தூர் இந்தியாக்கிய ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ பாடலை நாட்டின் பல பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகள் பாடுகின்றனர். மெதுவான நடையுடைய அதனை மூன்று கார்டுகளில் அமைத்து, இரண்டாம் கட்டத்தில் கற்பிக்கலாம். திரைப்படப் பாடல்களையும் விலக்க வேண்டுவதில்லை. பிள்ளை விரும்பும் பாடலின் பல்லவி மட்டும் இரண்டு மூன்று கார்டுகளில் அடங்குமாயின், அதுவே போதும்.

கற்பிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பிள்ளை கைதட்டிக்கொண்டு பாடட்டும். தட்டும் பாட்டும் இணைந்த பின்னரே கிதாரை எடுக்க வேண்டும். எண்ணிக்கைக்கு ஒரு முறை மேலிருந்து கீழாக மீட்டினால் தொடக்கத்தில் போதும். விரல் நுனிகள் உரம் பெறச் சில வாரங்கள் ஆகும். உருக்குத் தந்தியினும் நைலான் தந்தி மென்மையானது. சிறு கைக்குச் சிறு அளவுக் கிதாரே ஏற்றது. நாள்தோறும் பதினைந்து நிமிடப் பயிற்சி, வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அமர்வதைவிடப் பயன் தரும்.

அடுத்த பாடத்திற்குச் செல்லுமுன், பிள்ளை ஒரு பாடலையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் பாடி வாசித்திருக்க வேண்டும். அப்பாடல் எவ்வளவு சிறிதாயினும் ஆகுக. முழுமையாக வாசித்து முடித்த பிள்ளை, மறுநாள் தானே கிதாரை எடுக்கும்.