அயல் மண்ணில் – 9: விமான நிலையச் சாலையில் பதினாறு பேர்

1961 டிசம்பர் 5. காங்கோவிலிருந்து பிரிந்துபோவதாக அறிவித்த கட்டாங்கா மாகாணத்தின் தலைநகர் எலிசபெத்வில், இன்றைய லுபும்பாஷி. அங்கே ஐ.நா. தலைமையகத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட சாலையைக் கட்டாங்கா படையினர் மறித்துவிட்டார்கள். சாலை போனால் நகருக்குள் இருக்கும் ஐ.நா. படை தனித்துவிடப்படும்.

மறிப்பை உடைக்கும் பொறுப்பு 1-வது கூர்க்கா ரைபிள்ஸின் 3-வது பட்டாலியனுக்கு வந்தது. ஒரு கம்பெனி நேராகத் தாக்க வேண்டும். விமான நிலையப் பக்கமிருந்து கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா சிறு குழுவோடு வந்து மடக்க வேண்டும். அவரோடு 16 கூர்க்காக்கள், ஸ்வீடன் படையின் இரண்டு கவச வண்டிகள்.

வழியில் எதிர்பாராத இடத்திலிருந்து குண்டுமழை. எதிரே சுமார் 90 பேர், இரண்டு கவச கார்கள். ராக்கெட் லாஞ்சரால் கார்களை முடக்கிய சலாரியா, ஆள் கணக்குப் பார்க்கவில்லை. பயோனெட், கையெறி குண்டு, குக்ரியோடு பாய்ந்தார்கள். எதிரிகளில் 40 பேர் மடிந்தார்கள், மற்றவர்கள் ஓடினார்கள். கழுத்தில் குண்டு பாய்ந்தும் சலாரியா சண்டையை விடவில்லை. ரத்தம் வற்றிச் சாய்ந்தார். 26 வயது நிறைந்து ஆறே நாள்.

அவர் பிறந்த ஊர் ஷகர்கட் அருகே இருந்தது. 1947 பிரிவினையில் அந்த வட்டாரம் பாகிஸ்தானுக்குப் போக, குடும்பம் இந்தியப் பக்கம் வந்து குடியேறியது. பதினோரு வயதில் பிரிவினையைப் பார்த்த பிள்ளை, இன்னொரு நாடு துண்டாகாமல் இருக்க உயிரைக் கொடுத்தார். கட்டாங்காவின் செம்புச் சுரங்கங்களும் கூலிப்படைகளும் பின்னால் நின்ற அந்தப் பிரிவினை முயற்சி, 1963 ஜனவரியில் முடிவுக்கு வந்தது.

சலாரியாவுக்கு பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஐ.நா. அமைதிப் பணியில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அந்தமானில் ஒரு தீவு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனாலும் எல்லையில் விழுந்தவர்களை நினைக்கிற அளவுக்கு இவர்களை நாம் நினைப்பதில்லை. ஐ.நா. பணியில் உயிர்விட்ட இந்தியர்கள் 170-க்கும் மேல். வேறெந்த நாடும் இத்தனை பேரை இழக்கவில்லை. அவர்கள் மீட்டுக் கொடுத்ததில் நமக்கென்று ஒரு சாண் நிலம்கூட இல்லை. முன்பின் தெரியாத மக்களுக்காகச் செத்தவர்களின் கடன் நம் மீதுதான் இருக்கிறது. மே 29 அமைதிப்படையினர் தினம். அன்று நம் பள்ளிகளில் சலாரியாவின் பெயரும், அவரோடு பாய்ந்த பதினாறு பேரின் கதையும் சொல்லப்பட வேண்டும்.

அடுத்த வாரம்: இத்தாலியின் டைபர் பள்ளத்தாக்கு, 1944. மராத்தா படைவீரர் யஷ்வந்த் காட்கே.

(தொடரும்)