காளானுக்கென்று ஒரு கதவு

கம்பங்கதிரில் தேன்துளியாய்ச் சுரந்து, பிறகு கறுத்துக் கெட்டிப்படும் பூஞ்சையைத் ‘தேன் ஒழுகல் நோய்’ என்பார்கள். அதன் நெருங்கிய உறவுதான் ஐரோப்பாவின் ரை தானியக் கதிரில் வளரும் எர்காட். அது கலந்த ரொட்டியைத் தின்று கைகால் கருகி மாண்டவர்கள் ஏராளம். அந்த நச்சுப் பூஞ்சையிலிருந்து 1909-இல் பிரெஞ்சு மருந்தாளர் ஷார்ல் டான்ரே, கந்தகம் கலந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் எர்கோதயோனின். அது நஞ்சே அல்ல. நாம் குழம்பில் போடும் காளானிலும் இருக்கிறது!

நறுக்கி வைத்த கத்தரிக்காய் சற்று நேரத்தில் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜனின் வேலை அது. நம் செல்களுக்குள்ளும், மூச்சுக்காற்றைச் செலவிடும்போதே, அக்கம்பக்கத்தில் எலக்ட்ரான் பறிக்கும் துடுக்கு மூலக்கூறுகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. தன் எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றை அடக்குவதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத் தடுப்பி. எர்கோதயோனின் அப்படிப்பட்ட ஒன்று. ஆனால் அதன் கந்தகம் கார்பனோடு இறுகப் பிணைந்திருப்பதால், சும்மா காற்றுப் பட்டு வீணாவதில்லை. தேவை வரும்வரை காத்திருக்கும்.

எர்கோதயோனினை நம் உடலால் தயாரிக்கவே முடியாது. செடிகளாலும் முடியாது, மண்ணிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். பூஞ்சைகளும் சிலவகை பாக்டீரியாக்களும் மட்டுமே தயாரிக்கின்றன. அப்படியிருந்தும், 2005-இல் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் கண்டது என்ன தெரியுமா? எர்கோதயோனினை உள்ளே இழுத்துக்கொள்ள நம் செல்களில் தனிக் கதவே இருக்கிறது! அதன் வழியே குடல் இதை வாங்கிக்கொள்கிறது, சிறுநீரகம் வெளியே விடாமல் மீட்டெடுக்கிறது. சிவப்பணு, கல்லீரல், கண் வில்லை என்று அடிபடும் இடங்களில் சேமிப்பும் நடக்கிறது. தானே விளைவிக்காத பொருளுக்கு உடல் இவ்வளவு பெரிய களஞ்சியம் கட்டியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

கடையில் கிடைக்கும் மொட்டுக்காளானைவிடச் சிப்பிக்காளானில் இது பல மடங்கு அதிகம். ஐரோப்பியக் காடுகளில் பறிக்கும் போர்ச்சினி அதையும் மிஞ்சும். சிங்கப்பூரில் 60 வயது கடந்த 663 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. வாரம் இரு முறைக்கு மேல் காளான் உண்டவர்களிடம் லேசான நினைவுத்திறன் குறைபாடு ஏறக்குறையப் பாதியளவே காணப்பட்டது. காளான்தான் காரணம் என்று அதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது.

அடுப்புச் சூடு எர்கோதயோனினை அழிப்பதில்லை. ஆனால் நீரில் கரையும். ஆகவே காளான் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். சில நச்சுக் காளான்களில் உள்ள அமடாக்சின் என்ற கொடிய விஷமும் எவ்வளவு கொதித்தாலும் அழியாது. மழைக்குப் பின் புற்றோரம் முளைத்ததை, அடையாளம் தெரிந்த பெரியவர் சொல்லாமல் சட்டியில் போடாதீர்கள்.