பிணவறை வாசலில் பேசி முடிக்கிற தொகை

2020 ஜூலை 1, காலை. நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் பாய்லர் வெடித்தது. 6 பேர் அங்கேயே இறந்தார்கள். ஆறு பேருமே ஒப்பந்தத் தொழிலாளர்கள். 17 பேர் காயமடைந்தார்கள். சென்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மாதம் முன்பு, மே 7 அன்றுதான், அதே நிலையத்தின் ஆறாவது யூனிட் பாய்லர் வெடித்து உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம், காயமடைந்தவருக்கு 5 லட்சம் என்று நிலையத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் அறிவித்தது. மாநில அரசு 3 லட்சம் அறிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, நிறுவனத்துக்கு இடைக்காலமாக 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த விபத்து அது. கேமராக்கள் இருந்தன, சங்கங்கள் இருந்தன, கட்சிகள் வந்தன.

என் கவலை, தனியாகச் சாகிறவரைப் பற்றியது. சாரத்திலிருந்து ஒருவர் தவறி விழுகிறார். கன்வேயரில் ஒருவர் கை சிக்கி உடம்பும் போகிறது. மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி. நெய்வேலி நகரிய நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். பிணவறை வாசலில் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, “ஆனது ஆகிப்போச்சும்மா, இதை வெச்சுக்குங்க, இதுல ஒரு கையெழுத்து” என்பார். காரியச் செலவுக்கே கடன் வாங்கப்போகிற குடும்பம் அந்த நேரத்தில் எதைத்தான் யோசிக்கும்? சொந்தக்காரர்களும் “வந்தவரைக்கும் லாபம்” என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1923-இல் இயற்றப்பட்ட பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த தேதி 1924 ஜூலை 1. ஐந்தாவது யூனிட் வெடித்தது சரியாக 96 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில்.

இந்தச் சட்டத்தில் முதலாளி தவறு செய்தார் என்று குடும்பம் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும். “ஹெல்மெட் போடவில்லை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை” என்று இறந்தவர் மேல் பழி போடுவார்கள். மரணம் நேர்ந்துவிட்டால் அந்த வாதத்தைச் சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது. ஒப்பந்தக்காரரிடம் பணமில்லை, ஆளே இல்லை என்றாலும், வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடம் கேட்கலாம். 1923 சட்டத்தில் அது பன்னிரண்டாவது பிரிவு. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. மரண இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்துக் கணக்கை முடிக்கவும் முடியாது. பணத்தை இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். அவர்தான் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிரித்துக் கொடுப்பார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போன அந்த ஆள் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

எவ்வளவு கிடைக்கும்? மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். ஆக 7,500 பெருக்கல் 207.98: 15,59,850 ரூபாய். 40 வயதுக்காரருக்கு 13,81,275. 2020 ஜனவரி 3 வரை அந்த உச்சம் வெறும் 8,000. அந்தக் கணக்கில் 30 வயதுக்காரரின் உயிருக்கு 8,31,920 ரூபாய்தான். அன்று உயர்த்திய 15,000 இன்றைய விலைவாசிக்குப் போதுமா? போதாது என்றே நினைக்கிறேன்.

விபத்து நடந்த நாளிலேயே தொகை கடனாகிவிடுகிறது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தால் 12 சதவீத வட்டி. தக்க காரணமில்லாமல் இழுத்தால் பாதித் தொகைவரை அபராதம். மரணம் நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது இச்சட்டத்தின் கெடு. ஆணையரிடம் போனால், அதே விபத்துக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. இறந்தவர் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருந்தவரென்றால் வழியே வேறு: மொத்தத் தொகைக்குப் பதில் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புபட்டதாக இருந்தால், அதுவும் இப்போது கணக்கில் வரும். மந்தாரக்குப்பத்திலிருந்தும் வடலூர்ப் பக்கமிருந்தும் நெய்வேலி ஷிஃப்டுக்கு பைக்கில் விரைகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சட்டம் இருந்தும் குடும்பங்கள் தோற்பது பெரும்பாலும் காகிதத்தில். அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கே ஆதாரம் இருக்காது. சம்பளச் சீட்டு ஒப்பந்தக்காரரிடமே தங்கிவிடும். கேட் பாஸ் உடலோடு எரிந்துவிடும். அதனால் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கேட் பாஸையும் பி.எஃப். எண்ணையும் சம்பளம் ஏறும் வங்கிப் புத்தகத்தையும் இன்றே செல்போனில் படமெடுத்து மனைவிக்கோ அம்மாவுக்கோ அனுப்பிவிடுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தாலும் மனு கொடுக்கத் தயங்காதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.