தாயம் விழாத கை

தாயம் ஆடும் வீடுகளில் ஒரு பழி உண்டு. மற்றவர் காய்களெல்லாம் கட்டத்தைச் சுற்றி வர, ஒருவருடைய காய் மட்டும் வெளியே கிடக்கும். “ராசியில்லாத கை” என்று அவரைக் கேலி செய்வர். அவர் சிறுவராயின், கட்டையைப் போட்டுவிட்டு எழுந்துபோவதும் உண்டு. இப்பழி முறையானதுதானா என்பதைக் கட்டையின் கணக்கைக் கொண்டே ஆராயலாம்.

மதுரைத் திண்ணையில் ஆடினாலும் பிடோக் அடுக்குமாடி வீட்டில் ஆடினாலும், பெரும்பாலும் வழங்குவன நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். ஒரு பக்கம் வெறுமை. ஏனையவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். பகடை தமிழருக்குப் புதிதன்று. கீழடி அகழாய்விலும் தந்தத்தாற் செய்த பகடை கிடைத்துள்ளது.

இரு கட்டைகளும் சேர்ந்து விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் தாயமாகிய ஒன்று விழுவது 2 வகை; இரண்டு 3 வகை; மூன்று 4 வகை; நான்கு 3 வகை; ஐந்து 2 வகை; ஆறு ஒரே வகை. இரு கட்டைகளும் வெறுமையாய் விழுவதும் ஒரே வகை. அதற்குப் பன்னிரண்டு என மதிப்பளித்தனர் முன்னோர். ஒன்றுமில்லாமையே பெரும்பேறாக மாறுவது இவ்வாட்டத்தின் சுவைகளுள் ஒன்று.

ஆகவே, எட்டு முறை உருட்டினால் சராசரியாக ஒரு முறைதான் தாயம் விழும். பத்து முறை உருட்டியும் அது விழாமற் போவதற்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நால்வர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் இவ்வாறு தவிப்பது வியப்பன்று. பத்து முறை தவறியவருக்குப் பதினோராம் முறை வாய்ப்புக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கட்டைக்கு நினைவு கிடையாது.

இனி, காயின் வளர்ச்சியைக் காண்போம். விதிகள் ஊருக்கு ஊர் சிறிது மாறினும் பொதுமுறை ஒன்றே. தாயம் விழுந்தால் காய் பிறக்கும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மீண்டும் உருட்டலாம். குறியிட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட இயலாது. பிற இடத்தில் வெட்டுண்ட காய் மறுபடியும் பிறந்தாக வேண்டும். எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டியவரே உட்சுற்றுக்குச் செல்லலாம் என்பது பல வீடுகளின் விதி. நடுவை அடைந்த காய் பழமாகும்.

இத்தகைய படிநிலை வளர்ச்சி மேல்நாட்டு ஆட்டங்களிலும் உண்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி, 1974இல் வெளிவந்த ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில், ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகின்றனர். இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றே. ஆனால், அனுபவம் பெருகிக் கதைமாந்தரின் நிலை உயர உயர, விழுந்த எண்ணுடன் கூட்டிக்கொள்ளும் எண்ணும் உயரும். அங்கே நேற்றைய வெற்றி இன்றைய உருட்டலுக்குத் துணையாகிறது. தாயத்திலோ, பழத்துக்கு ஓரடி முன்னே நிற்கும் காய்க்கும் இன்னும் பிறவாத காய்க்கும் கட்டை ஒரே நீதியையே வழங்குகிறது. எந்தக் காயை நகர்த்துவது, எதைக் காப்பது, எதை வெட்டுவது என்னும் தேர்வில்தான் ஆடுபவரின் திறமை வெளிப்படும்.

பிடோக்கில் விடுமுறை நாளன்று பேரனுடன் தாயம் ஆடும் பாட்டி, அந்த 16 வகைகளையும் ஒரு தாளில் அவனையே எழுதச் செய்யலாம். கணக்கை அறிந்த சிறுவன் தன் கையைப் பழிக்கமாட்டான். அடுத்த முறைக்காகக் கட்டையை மீண்டும் எடுப்பான்.