பிரசவ அறை காட்டிய மறைந்த கணக்கு

ஒரு நகரில் எத்தனை பேருக்குக் கிருமி தொற்றியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ச்சலோடும் இருமலோடும் மருத்துவமனைக்கு வருவோரை எண்ணினால் போதும் என்று தோன்றலாம். ஆனால், கிருமி தொற்றியும் நலமாக நடமாடுபவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்களே!

2020 மார்ச் மாதம் நியூயார்க் நகரில் கொவிட்-19 வேகமாகப் பரவியபோது இந்தக் கேள்வி எழுந்தது. பரிசோதனை வசதிகள் போதாததால், பெரும்பாலும் அறிகுறி உள்ளவர்களே சோதிக்கப்பட்டனர். மறைந்திருந்த தொற்றைப் பற்றிய முக்கியத் தடயம் மகப்பேற்றுப் பிரிவிலிருந்து கிடைத்தது.

ஏன் மகப்பேற்றுப் பிரிவு?

அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை அப்போது தள்ளிவைத்தார்கள். பிரசவத்தைத் தள்ளிவைக்க முடியுமா? ஊரே முடங்கினாலும் குழந்தை பிறக்கும் நேரத்தில் பிறக்கத்தான் செய்யும். அங்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். அதனால், நோய் அறிகுறி இல்லாதவர்களிடையே தொற்று எவ்வளவு உள்ளது என்று பார்க்க அது நல்ல இடம்.

இன்னொரு காரணமும் உண்டு. பிரசவ வலி பல மணி நேரம் நீடிக்கலாம். தாய் வேகமாக மூச்சு வாங்குவார். மருத்துவரும் தாதியரும் மிக அருகில் நிற்பார்கள். யாருக்குத் தொற்று உள்ளது என்று தெரியாவிட்டால் அனைவருக்கும் ஆபத்து.

215 பெண்கள்

மார்ச் 22 முதல் ஏப்ரல் 4 வரை, கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த இரு மருத்துவமனைகளில் 215 பெண்கள் பிரசவத்திற்காகச் சேர்ந்தனர். நால்வருக்கு மட்டுமே காய்ச்சலோ வேறு அறிகுறியோ இருந்தது. அந்த நால்வருக்கும் தொற்று உறுதியானது.

அறிகுறி இல்லாத 211 பேரில் 210 பேருக்குப் பரிசோதனை செய்யப்பட்டது. அவர்களில் 29 பேருக்குத் தொற்று இருந்தது. அதாவது, ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்!

அறிகுறியை மட்டும் நம்பியிருந்தால், 33 பேரில் நால்வர்தான் தெரிந்திருப்பார்கள். தெரிந்த ஒருவருக்கு, தெரியாதவர்கள் ஏழு பேர்.

துளியைப் பெருக்கும் சோதனை

மூக்கின் உட்பகுதியில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியில் கிருமியின் மரபுப்பொருளான ஆர்என்ஏ மிகக் குறைவாகவே இருக்கும். அதை முதலில் டிஎன்ஏவாக மாற்றுகிறார்கள். பிறகு, பிசிஆர் இயந்திரம் அதை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறது. 1, 2, 4, 8 என 30 முறை இரட்டித்துப் பாருங்கள். விடை 100 கோடியைத் தாண்டும். அதனால்தான் உடல் காட்டிக்கொடுக்காத தொற்றையும் சோதனை காட்டிக்கொடுக்கிறது.

எண்ணைக் கவனமாக வாசிப்போம்

இதை வைத்து நியூயார்க் மக்களில் ஏழில் ஒருவருக்குத் தொற்று என்று சொல்லலாமா? கூடாது. சோதிக்கப்பட்டவர்கள் குழந்தை பெறும் வயதுப் பெண்கள் மட்டுமே. முதியவர்களும் சிறுவர்களும் ஆண்களும் இதில் இல்லை. தொற்று குறைவாக இருந்த வேறு ஊருக்கும் இந்த விகிதம் பொருந்தாது.

சோதனையும் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். முதலில் தொற்று இல்லை என்று முடிவு வந்த ஒரு பெண்ணுக்கு, குழந்தை பிறந்த பிறகு அறிகுறி தோன்றியது. முதல் சோதனைக்கு மூன்று நாள் கழித்து மீண்டும் சோதித்தபோது தொற்று உறுதியானது.

ஆயினும், முடிவுகள் உடனே பயன்பட்டன. யாரைத் தனி அறையில் வைப்பது, பாதுகாப்பு உடைகளை எங்கே பயன்படுத்துவது, பிறந்த குழந்தையை எப்படிக் கவனிப்பது என்று திட்டமிட அவை உதவின. தொற்றுள்ள தாயும் முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவிய பின் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

மாணவர்களே, அடுத்த முறை நோய் பற்றிய ஒரு புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போது, எத்தனை பேருக்குத் தொற்று என்பதோடு நின்றுவிடாதீர்கள். யாரையெல்லாம் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள்.